படகின் நிரந்தரத் துறை: மெரினாவைத் தெரிவு செய்வோர் கேட்க வேண்டிய கேள்விகள்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் நாட்களில், எம்மா என்று பெயரிடப்பட்ட புயல் பிரிட்டனைத் தாக்கியது. வேல்ஸின் வடமேற்கு மூலையில் உள்ள ஹோலிஹெட் துறைமுகத்தின் மெரினாவில் கட்டப்பட்டிருந்த சுமார் 80 படகுகள் அதில் மூழ்கின அல்லது சேதமடைந்தன. மிதவை மேடைகள் உடைந்து சிதறின. அவற்றின் உள்ளே நிரப்பப்பட்டிருந்த நுரைப்பொருள் துகள்கள் கடற்கரையெங்கும் ஒதுங்கின.

அவை நடுக்கடலில் சிக்கிக்கொண்ட படகுகள் அல்ல. பாதுகாப்பான இடம் என்று கருதி, ஆண்டுக் கட்டணம் செலுத்தி, கயிறு கட்டி நிறுத்தப்பட்டிருந்த படகுகள்.

படகு வாங்குவோர் படகைப் பற்றி மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். அது எங்கே நிற்கப்போகிறது என்பதை ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமையில், வெயிலும் அமைதியான நீரும் இருக்கும் வேளையில், ஒரு முறை சுற்றிப்பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு மெரினாவின் தரம் தெரியவருவது அதன் நல்ல நாளில் அல்ல. நீர் மிகவும் வற்றிய நாளில், காற்று தவறான திசையில் இருந்து வீசும் நாளில், மெரினா நிர்வாகத்துக்கும் படகு உரிமையாளருக்கும் இடையே கருத்து வேறுபாடு எழும் நாளில்தான் அது வெளிப்படுகிறது.

கடலாலும் கால்வாய்களாலும் சூழப்பட்ட பிரிட்டனின் அனுபவத்தை முன்வைத்து, இந்த மூன்று நாட்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மெரினா என்றால் என்ன?

தமிழர்களுக்கு மெரினா என்றதும் நினைவுக்கு வருவது சென்னையின் கடற்கரை. 1880களில் மதராஸ் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், அந்தக் கடற்கரைச் சாலையை அமைத்தபோது, இத்தாலியின் சிசிலித் தீவு நினைவாக அதற்கு மெரினா என்று பெயரிட்டார். ஆனால் அங்கு படகுத் துறை எதுவும் கிடையாது.

இன்று உலகெங்கும் அந்தச் சொல் குறிப்பது வேறொன்றை. சிறு படகுகளுக்கென்றே அமைக்கப்பட்ட துறை அது. அலைகளில் இருந்து காக்கப்பட்ட நீர்ப்பரப்பில் மிதவை மேடைகள் வரிசையாக அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தரிப்பிடம் உண்டு. உரிமையாளர் கரையிலிருந்து நடந்தே படகில் ஏறலாம். மின்சாரம், குடிநீர், கழிவறை, எரிபொருள், படகைக் கரைக்குத் தூக்கும் இயந்திரம் ஆகியவை இருக்கும். ஆற்றின் நடுவே மிதவையில் கட்டி, சிறு தோணியில் சென்று ஏறும் பழைய முறை இதைவிட மிகவும் மலிவானது. ஆனால் அதில் இந்த வசதிகள் எவையும் இல்லை.

ஒரு படகு ஆண்டு முழுவதும் நிற்பதற்கென்று ஒப்பந்தம் செய்துகொள்ளும் தரிப்பிடமே அதன் நிரந்தரத் துறை. காப்புறுதி நிறுவனங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் குறித்துக்கொள்வதும் அந்த இடத்தைத்தான்.

தண்ணீர் எப்போது இருக்கும்?

முதல் கேள்வி ஆழம் பற்றியது. பிரிட்டனின் கரைகளில் கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. இந்த ஏற்றவற்றத்தின் அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுகிறது. தென்கரையில் உள்ள போர்ட்ஸ்மத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது சராசரியாக 4 மீட்டர் அளவில் இருக்கிறது. பிரிஸ்டல் கால்வாயின் மேற்பகுதியில் 12 மீட்டரையும் தாண்டுகிறது. உலகின் மிகப் பெரிய ஏற்றவற்றங்களில் அதுவும் ஒன்று.

எனவே பல மெரினாக்கள் நீரைத் தடுத்து வைத்துக்கொள்கின்றன. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நுழைவாயிலின் அடியில் ஒரு தடுப்புச் சுவர் அமைப்பது. கடல் வற்றினாலும் சுவருக்கு உள்ளே நீர் தேங்கி நிற்கும். ஆனால் வெளியே நீர்மட்டம் போதிய அளவு உயரும் வரை எந்தப் படகும் அதைக் கடக்க முடியாது. மற்றொன்று லாக் எனப்படும் இரட்டைக் கதவுத் தொட்டி. படகு அதற்குள் நுழைந்ததும் ஒரு கதவு மூடப்பட்டு, நீர்மட்டம் சமப்படுத்தப்பட்ட பிறகு மறு கதவு திறக்கப்படும்.

லண்டனில் டவர் பாலத்தின் அருகில் உள்ள செயின்ட் கேத்தரின் துறை இதற்கு நல்ல உதாரணம். பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் வடிவமைப்பில் 1828இல் வணிகக் கப்பல்களுக்காகத் திறக்கப்பட்டு, 1968இல் மூடப்பட்ட அந்தத் துறை பின்னர் மெரினாவாக மாற்றப்பட்டது. தேம்ஸ் நதி அங்கு சுமார் 7 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. உயர் ஓதத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம் பின்பு வரை மட்டுமே அதன் லாக் இயங்குகிறது. நகரின் இதயத்தில் படகை நிறுத்தலாம், ஆனால் நினைத்த நேரத்தில் புறப்பட முடியாது. மாறாக, 1999இல் கட்டி முடிக்கப்பட்ட கார்டிஃப் விரிகுடாத் தடுப்பணை, சுமார் 200 ஹெக்டேர் நன்னீர் ஏரியை உருவாக்கி, வெளியே கடல் எவ்வளவு வற்றினாலும் உள்ளே படகுகள் மிதக்க வழி செய்திருக்கிறது.

இதற்கான கணக்கு எளிமையானது. ஒரு மெரினாவின் தடுப்புச் சுவர், கடல் வரைபடங்களின் ஆதார மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படகின் அடிப்பாகம் நீருக்குள் 1.8 மீட்டர் அமிழ்கிறது. பாதுகாப்புக்கென்று 0.5 மீட்டர் சேர்த்தால், ஓதம் 3.3 மீட்டரை எட்டினால்தான் உள்ளே செல்ல முடியும். போர்ட்ஸ்மத்தில் பெரிய ஓத நாட்களில் உயர் ஓதம் சராசரியாக 4.7 மீட்டரை எட்டுகிறது. சிறிய ஓத நாட்களில் அது 3.8 மீட்டர்தான். அந்த நாட்களில் எஞ்சுவது அரை மீட்டர் மட்டுமே. எனவே வாயில் திறந்திருக்கும் நேரமும் சுருங்கிவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட துறையில் பெரிய ஓதங்கள் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் நிகழ்கின்றன. போர்ட்ஸ்மத் பகுதியில் அது நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டிய நேரம். அப்படியானால் கடல் மிகவும் வற்றுவது காலையும் மாலையும் சுமார் 6 மணிக்கு. வார இறுதியில் பகல் முழுவதும் பயணம் செய்துவிட்டு மாலையில் திரும்பும் ஒருவர், தன் மெரினாவின் வாயிலில் தண்ணீர் இல்லாமல் காத்திருக்க நேரிடும். மறுநாள் காலையில் அலுவலகம் செல்ல வேண்டியவருக்கு இது சிறிய விடயம் அல்ல.

எனவே நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது "இங்கு ஆழம் எவ்வளவு?" என்பதல்ல. "ஆண்டின் மிகத் தாழ்ந்த ஓதத்தில், எனக்குத் தரப்படும் இந்தத் தரிப்பிடத்தில், ஆழம் எவ்வளவு? கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள்?" என்பதே. ஆறுகளின் முகத்துவாரத்தில் உள்ள மெரினாக்களில் சேறு இடைவிடாமல் படிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அளந்த ஆழம் இன்றும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிற நாடுகளில் வாழ்வோருக்கு இந்தக் கேள்வியின் வடிவம் மாறும். டொரொன்டோ நகரம் அமைந்துள்ள ஒன்டாரியோ ஏரியில் குறிப்பிடத்தக்க ஏற்றவற்றம் இல்லை. அங்கு கவலை குளிர்காலப் பனிக்கட்டி பற்றியது. படகைக் கரையேற்றி வைப்பதற்கான கட்டணம் ஒப்பந்தத்தில் அடங்குமா என்பதே அங்கு முதற்கேள்வி. சிட்னியில் ஏற்றவற்றம் சுமார் 2 மீட்டர்தான். ஆனால் கேள்வியின் அடிப்படை எங்கும் ஒன்றே: ஆண்டின் மிகக் கடினமான வாரத்தில் இந்த இடம் எப்படி இருக்கும்?

காற்று எந்தப் பக்கம் இருந்து வரும்?

ஹோலிஹெட் துறைமுகத்தைக் காக்கும் அலைதடுப்புச் சுவர் பிரிட்டனிலேயே மிக நீளமானது. 1873இல் கட்டி முடிக்கப்பட்ட அது சுமார் 2.7 கிலோமீட்டர் நீளம் கொண்டது. பிரிட்டனில் பெரும்பாலான புயல்கள் அட்லாண்டிக் பெருங்கடலில் இருந்து, அதாவது மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருகின்றன. அந்தத் திசைகளுக்கு எதிராக அந்த இடம் நல்ல பாதுகாப்பைத் தந்தது.

2018இல் நடந்தது வேறு. ஐரோப்பியக் கண்டத்தில் இருந்து வந்த கடுங்குளிர் காற்றும் தெற்கிலிருந்து வந்த எம்மா புயலும் சந்தித்ததில், காற்று வடகிழக்கில் இருந்து வீசியது. சுவர் இல்லாத பக்கம் அது. திறந்த துறைமுகப் பரப்பைக் கடந்து வந்த அலைகள் நேரடியாக மிதவை மேடைகளைத் தாக்கின.

இதில் இருந்து கற்க வேண்டியது, ஒவ்வொரு மெரினாவுக்கும் ஒரு திறந்த பக்கம் உண்டு என்பதே. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அது எது என்பது தெரிந்துவிடும். அந்தத் திசையில் எவ்வளவு தூரம் திறந்த நீர் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அலைகள் வளர இடம் உண்டு. ஆற்றின் உட்பகுதியில் இருக்கும் மெரினாவில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் திறந்த கடலுக்குச் செல்ல அங்கிருந்து ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ ஆகலாம். திறந்த கரையில் அமைந்த பிரைட்டன் மெரினா போன்றவற்றில் இருந்து சில நிமிடங்களில் கடலை அடையலாம். ஆனால் கடுங்காற்றில் அதன் வாயில் வழியே நுழைவது எளிதல்ல.

ஒரே மெரினாவுக்குள்ளும் எல்லாத் தரிப்பிடங்களும் சமமானவை அல்ல. வாயிலுக்கு அருகில் உள்ளவற்றில் அலையசைவு அதிகம். காற்று படகை மேடையை நோக்கித் தள்ளுமா, மேடையில் இருந்து விலக்குமா என்பதும் முக்கியம். கோடையில் சென்று பார்த்தவர், ஜனவரி மாதத்தில் காற்று வீசும் நாளொன்றில் மீண்டும் ஒரு முறை சென்று பார்ப்பது நல்லது. அங்கு படகு வைத்திருப்போரிடம் பேசினால், விளம்பரச் சிற்றேட்டில் இல்லாத பல செய்திகள் கிடைக்கும்.

கட்டணம் எதற்கு?

கட்டணம் பொதுவாகப் படகின் நீளத்தைக் கொண்டு, மீட்டர் அளவில் கணக்கிடப்படுகிறது. இங்கிலாந்தின் தென்கரையில் அது மீட்டருக்கு ஆண்டொன்றுக்குப் பல நூறு பவுண்டுகள். ஆனால் எந்த நீளம் என்பதில்தான் சிக்கல். பல மெரினாக்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கழியையும் பின்னால் தோணியைத் தூக்கும் சட்டத்தையும் சேர்த்தே அளக்கின்றன.

உதாரணத்துக்கு, மீட்டருக்கு 600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் படகுக்கு 6,000 பவுண்டு. அதே படகு, நீட்டங்களையும் சேர்த்து 11.2 மீட்டர் என்று அளக்கப்பட்டால் 6,720 பவுண்டு. அறிவிக்கப்பட்ட கட்டணத்தில் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி சேர்க்கப்படவில்லை என்றால், இறுதித் தொகை 8,064 பவுண்டு ஆகிவிடும்.

இரட்டை உடல் கொண்ட படகுகளுக்குக் கட்டணம் இன்னும் கூடுதல். அவை அகலமாக இருப்பதால் பல மெரினாக்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வசூலிக்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றுக்கு கேட்டமரான் என்று பெயர். அது நமது கட்டுமரம் என்ற சொல்லில் இருந்து சென்றது. மணலில் இழுத்து விடப்பட்ட, துறையே தேவைப்படாத ஒரு கலத்தின் பெயரைத் தாங்கிய படகுகளே இன்று துறைக்கு அதிக வாடகை செலுத்துகின்றன.

தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லண்டனில் இருந்து சவுதாம்ப்டன் சுமார் 80 மைல். அதைவிடத் தொலைவில், பாதிக் கட்டணத்தில் இடம் கிடைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கைந்து மணி நேரம் வாகனம் ஓட்ட வேண்டியிருந்தால், படகு பயன்படுத்தப்படாமலேயே நிற்கும். பயன்படுத்தாத படகுக்கு மலிவான தரிப்பிடம் என்று ஒன்று இல்லை.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

மூன்றாவது கேள்வியே மிகக் குறைவாகக் கேட்கப்படுவது. மெரினாவில் கையெழுத்தாவது பொதுவாக ஒரு குத்தகை அல்ல, ஓர் அனுமதி ஒப்பந்தம் மட்டுமே. குறிப்பிட்ட தரிப்பிடம் உங்களுக்குச் சொந்தமாவதில்லை. நிர்வாகம் படகை வேறிடத்துக்கு நகர்த்தலாம். நீங்கள் இல்லாத நாட்களில் அதே இடத்தை வேறு படகுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருவாயைத் தானே வைத்துக்கொள்ளலாம். சில ஒப்பந்தங்களில், படகு அங்கு நிற்கும்போது விற்கப்பட்டால், விலையில் ஒரு பகுதியை நிர்வாகத்துக்குத் தர வேண்டும் என்ற விதியும் உண்டு.

கட்டணம் நிலுவையில் இருந்தால் படகைப் போகவிடாமல் தடுத்து வைக்கும் உரிமை பல ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கிறது. உரிய அறிவிப்புக்குப் பின்னும் எடுத்துச் செல்லப்படாத பொருளை விற்க, 1977ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழி செய்கிறது. படகும் அதன் பார்வையில் ஒரு பொருளே.

சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு? ஹோலிஹெட் சேதத்தைத் தொடர்ந்து இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குச் சென்றது. துறைமுகங்களும் கப்பல்துறைகளும் செலுத்த வேண்டிய இழப்பீட்டுக்கு 1995ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் ஓர் உச்சவரம்பு விதிக்கிறது. மிதவை மேடைகளால் ஆன மெரினாவும் கப்பல்துறை என்ற வரையறைக்குள் வரும் என்று 2020இல் அட்மிரால்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உச்சவரம்பு, முந்தைய ஐந்து ஆண்டுகளில் அங்கு வந்து சென்ற மிகப் பெரிய பிரிட்டிஷ் கப்பலின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சிறு படகுகள் மட்டுமே வந்து செல்லும் துறையில் அந்தத் தொகையும் சிறிதாகவே இருக்கும். இதன் பொருள், மெரினாவின் காப்புறுதியை நம்பி இருக்க முடியாது, தன் படகுக்குத் தானே முழுமையான காப்புறுதி எடுத்தாக வேண்டும் என்பதாகும்.

இன்னொரு அடுக்கும் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் 12 கடல் மைல் வரையிலான கடற்படுகையில் ஏறக்குறைய முழுவதும், ஏற்றவற்றத்துக்கு இடைப்பட்ட கரையில் சுமார் பாதியும், கிரவுன் எஸ்டேட் எனப்படும் அரச நில நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. பல மெரினா நிறுவனங்களே அதன் குத்தகைதாரர்கள்தான். குத்தகை முடியும் ஆண்டு எது, நிலத்தை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு விற்கும் திட்டம் உள்ளதா என்பவற்றை விசாரிப்பதில் தவறில்லை.

படகே வீடாக இருந்தால்

விடுமுறைக்காகப் படகு வைத்திருப்பவருக்கு ஒப்பந்தம் முறிந்தால் நட்டம் பணம்தான். படகிலேயே வாழ்பவருக்கு அது வீட்டை இழப்பது. லண்டனில் வீட்டு வாடகை ஏறிய ஆண்டுகளில், கால்வாய்ப் படகுகளில் குடியேறியோர் எண்ணிக்கையும் உயர்ந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீள உள்நாட்டு நீர்வழிகளை, 2012 முதல் கால்வாய் மற்றும் நதி அறக்கட்டளை நிர்வகித்து வருகிறது. அங்கு படகுக்கு உரிமம் பெற, 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிகள் சட்டம் மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். காப்புறுதி வேண்டும். நிரந்தரத் துறை ஒன்று வேண்டும். அது இல்லாதவர்கள் உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும், பொதுவாக எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்கும், வாரந்தோறும் மருத்துவமனை செல்ல வேண்டியவருக்கும் இந்தப் பதினான்கு நாள் விதி கடினமானது. 2024 ஏப்ரல் முதல், நிரந்தரத் துறை இல்லாத படகுகளின் உரிமத்துக்கு அறக்கட்டளை கூடுதல் கட்டணமும் விதித்திருக்கிறது. எனவே மெரினாவில் ஓர் இடம் என்பது இவர்களுக்கு வசதி அல்ல, தேவை.

ஆனால் மெரினா ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு உரியவை. அவற்றில் குடியிருக்க அனுமதி இல்லை. குடியிருப்புக்கென்று அனுமதிக்கப்பட்ட தரிப்பிடத்துக்குத் திட்டமிடல் அனுமதியும் தேவை. அப்படி ஓர் இடம் கிடைத்தாலும் சட்டப் பாதுகாப்பு குறைவு. லண்டனின் செல்சி பகுதியில் கட்டப்பட்டிருந்த ஒரு வீட்டுப்படகு தொடர்பான வழக்கில், படகு நிலத்தின் ஒரு பகுதி அல்ல, அது ஒரு நகரும் பொருளே, ஆகவே வீட்டு வாடகைதாரருக்குரிய பாதுகாப்பு அதில் வாழ்பவருக்குப் பொருந்தாது என்று 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரும் வீடுகளில் வாழ்வோரைக் காக்கும் 1983ஆம் ஆண்டின் சட்டமும் படகுகளுக்குப் பொருந்துவதில்லை.

வீட்டுப்படகுகளை நிறுத்த எவ்வளவு இடம் தேவை என்பதை இங்கிலாந்தின் உள்ளூராட்சி அமைப்புகள் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் கூறுகிறது. தேவையைக் கருத்தில் கொள்வது வேறு, இடத்தை உருவாக்குவது வேறு. படகில் வாழ எண்ணுவோர், படகை வாங்கிய பிறகு இடம் தேடுவதற்குப் பதிலாக, எழுத்து வடிவில் குடியிருப்பு அனுமதி உள்ள இடத்தை உறுதி செய்த பிறகே படகை வாங்குவது அறிவுடைமை.

மூன்று நாட்கள்

படகுத் துறைத் தொழில் அமைப்புகள் மெரினாக்களுக்குத் தங்க நங்கூரம் போன்ற தர விருதுகளை வழங்குகின்றன. குளியலறை, மேடைகளின் பராமரிப்பு, வரவேற்பு போன்றவற்றை மதிப்பிட அவை உதவும். ஆனால் வடகிழக்குக் காற்றையும், சிறிய ஓத நாளின் அரை மீட்டர் நீரையும், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள விதியையும் எந்த விருதும் சொல்லித் தராது.

ஆகவே மெரினாவைத் தெரிவு செய்பவர், கையெழுத்திடும் முன் மூன்று நாட்களைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாத மாலை. காற்று திரும்பிய இரவு. வெளியேறுமாறு கடிதம் வரும் காலை. இந்த மூன்றுக்கும் ஏற்கத்தக்க விடை உள்ள இடம், மற்ற நாட்களிலும் நல்ல இடமாகவே இருக்கும். முதல் இரண்டுக்கான விடைகள் கடல் வரைபடத்திலும் ஓத அட்டவணையிலும் இருக்கின்றன. மூன்றாவதற்கான விடை, பலரும் படிக்காமல் கையெழுத்திடும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.